நவமணி சொல்லாத வரி

"ஆமென் சொல்லியாச்சுல்ல? இன்னும் என்ன கண்ண மூடிக்கிட்டு... அடுப்பு அணையுது பாரு!"

மருதம்மாள் இதைச் சொல்லாத காலை அந்த வீட்டில் கிடையாது. நவமணி கண்ணைத் திறந்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை அறை. நடுவில் சிரட்டையில் எரியும் சின்ன விளக்கு. அதைச் சுற்றி நான்கு பேர் முழங்காலில் இருந்தார்கள்: நவமணி, அவளுடைய ஐந்து வயது மகள் குணவதி, அவள் கணவனின் அக்கா மருதம்மாள், மருதம்மாளின் மகன் பழனியாண்டி.

வெளியே இன்னும் இருட்டு. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டான். அவன் மணி ஆறு என்றால் பழைய மணி நாலரை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டு, ஆமணக்குக் காட்டுக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ போக வேண்டும். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் முக்கால்வாசியில் ரப்பர் பால் வெட்டு நின்று மூன்று வருஷமாகிவிட்டது.

"கஞ்சி ஆயிடுச்சு மதினி. ஊத்தட்டுமா?"

"கஞ்சியா அது? தண்ணியில ஊபி மொகம் பாத்துட்டுப் போயிருக்கு. ஊத்து, ஊத்து."

பழனியாண்டி சிரித்தான். மருதம்மாள் சிரிக்கவில்லை. ஊபி என்கிற மரவள்ளியில் காய்ச்சிய கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தகரக் குவளையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருஷமா தெனம் முட்டி போடுறோம். என் தம்பி வந்தானா? ஒரு கடுதாசியாவது வந்துச்சா? ஜெபமாம் ஜெபம்! அந்த ஜெபந்தானே அவனக் கொண்டுபோய் சயாம்ல தள்ளுச்சு!"

நவமணி குணவதிக்குத் தலை வாரினாள். பதில் அவளிடம் இருந்தது. அதுதான் அவளுடைய கஷ்டம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் அது நடந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. பட்டியல் எழுதும் வேலை இருளப்பன் கங்காணிக்கு. கல்யாணமாகாத இளவட்டங்களாகப் பார்த்து எழுதினார். அந்த வீட்டில் அவர் எழுதியது பழனியாண்டியை. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. மருதம்மாள் ஊரில் இல்லை. ஜித்ராவில் அவள் கொழுந்தன் இறந்துபோய், காரியத்துக்குப் போயிருந்தாள்.

நவமணியின் கணவன் பரஞ்சோதி சாயங்காலம் கங்காணியைத் தனியாகப் பார்த்தான். அந்தப் பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதச் சொன்னான். கங்காணிக்குத் தலைக்கணக்குத்தான் முக்கியம். எழுதினார். மறுநாள் லாரி.

புறப்படும்போது பரஞ்சோதி மனைவியிடம் இரண்டு விஷயம் கேட்டான்.

"காலை ஜெபத்த விட்டுறாத நவமணி. நாலு பேரும் சேந்து உக்காரணும். அப்புறம்... இது அக்காவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவ பையன நிம்மதியாப் பாக்க மாட்டா. அவனும் உருப்பட மாட்டான். எனக்கு வாக்குக் குடு."

கொடுத்தாள். ஜெபத்தையும் இந்த ரகசியத்தையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான். போகிறவனுக்கு அப்படி நினைப்பது சுலபம்.

நான்காம் நாள் ஜித்ராவிலிருந்து திரும்பி வந்த மருதம்மாள் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அதற்கு முந்தின வாரம் பரஞ்சோதி, ஞாயிற்றுக்கிழமை லயத்தில் ஜெபக்கூட்டம் வைக்க அனுமதி கேட்டுக் கங்காணியிடம் போயிருந்தான். கங்காணி சத்தம் போட்டு அனுப்பினார். அனுமதி கேட்கச் சொன்னவள் நவமணி. அதனால் கங்காணிக்குக் கோபம், அதனால் பட்டியலில் பேர், அதனால் சயாம். மருதம்மாளின் கணக்கில் எல்லாம் சரியாகப் பொருந்தியது. அன்றிலிருந்து அதைத்தான் தினமும் சொன்னாள்.

நவமணி கேட்டுக்கொண்டாள். அழக்கூட இல்லை. ஆனால் பரஞ்சோதி போன மறுநாள் காலை, பரமண்டல ஜெபத்தில், அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கும் வரி முடிந்து, மற்றவர்களை மன்னிப்பதாகச் சொல்லித் தனக்கும் மன்னிப்புக் கேட்கும் வரி வந்தபோது, அவளுக்குக் குரல் எழும்பவில்லை. எதிரே பழனியாண்டி முழங்காலில் இருந்தான். முழு ஆளாக, இரண்டு கை, இரண்டு காலோடு. நவமணி அந்த ஒரு வரிக்கு வாயை மூடிக்கொண்டு, அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள்.

மறுநாளும் அப்படியே. மருதம்மாள் வந்த பிறகு இன்னும் மோசம். மன்னிக்க வேண்டிய ஆள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த வரியை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். சொல்லாததைச் சொன்னதாகக் கடவுளிடம் நடிக்க நவமணிக்குத் தெரியாது. விட்டுவிட்டாள். ஒரு வரிதானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். இரண்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை.

*

யேசடியான் உபதேசியார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சுங்கைப்பட்டாணியிலிருந்து சைக்கிள். டயர் கிடைக்காமல் சக்கரத்தில் தடித்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தூக்கிப் போட்டது. இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பு தொந்தி வைத்திருந்தவர். இப்போது சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"வர்ற ஞாயிறு பாதிரியார் வர்றாரும்மா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் திருவிருந்து. பெரட்டு முடிஞ்சு, பழைய புகைக்கூடத்துல. எப்படியோ பெர்மிட் வாங்கியாச்சு."

நல்ல செய்திதான். ஆனால் அவர் வந்தது சொல்லிவிட்டுப் போக அல்ல. திருவிருந்துக்கு முன்னால் உபதேசியார் வீடு வீடாக வந்து உட்காருவது அவர்கள் சபை வழக்கம். யாருக்கும் யாரோடும் மனஸ்தாபம் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் ஞாயிறுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் அப்பத்தில் பங்கு கிடையாது. பிள்ளைகளிடம் ஜெபம் கேட்பார்.

"எங்க யோசேப்பு?" என்றார். பழனியாண்டியை ஞானஸ்நானப் பேரால் கூப்பிடும் ஒரே ஆள் அவர். மருதம்மாளும் தம்பியோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தவள்தான். பேரை மட்டும் யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

"அவன் மரவள்ளிக் காட்டுல. ஐயா, இந்தச் சின்னதக் கேளுங்க. அப்பன் போறப்ப மூணு வயசு. இப்போ ஜெபம் பூராத் தெரியும். நாந்தான் தெனம் பக்கத்துல உக்காத்தி வைக்கிறேன்" என்றாள் மருதம்மாள். பெருமை வரும்போது பங்கு கேட்க அவள் தயங்கியதில்லை.

குணவதி கைகளைக் கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொடங்கினாள். கணீரென்ற குரல். ஆகாரம் கேட்கும் வரி வந்தது. அந்த வருஷங்களில் அந்த வரியை மெதுவாகச் சொன்ன குழந்தை தோட்டத்தில் இல்லை. சொல்லி முடித்தாள். பிறகு நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்று உபதேசியார் நினைத்தார். எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் குழந்தை, அந்த வரிக்கான நேரத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வரியிலிருந்து தொடங்கி ஆமென் வரை போய்விட்டாள்.

"நல்லது. நடுவுல ஒரு வரி வுட்டுப்போச்சு பாரு. இன்னொரு தடவ சொல்லு தாயி."

மறுபடியும் அப்படியே. அதே இடத்தில் நிறுத்தம். அதே நீளம்.

"மறந்துட்டியாடி?" என்று மருதம்மாள் குழந்தையின் தோளை உலுக்கினாள்.

"மறக்கல அத்தை. அந்த எடத்துல அம்மா சும்மா இருப்பாங்க. நானும் சும்மா இருப்பேன்."

தன்னோடு முடிந்துபோகும் என்று நவமணி நினைத்திருந்தது குழந்தைக்குள் ஒரு ஓட்டையாக உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கும் வரி அத்தைக்கு மட்டும் உரியது, தங்களுடையது இல்லை என்று அவள் மகள் நம்பியிருந்தாள். கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"அடி பாவி!" மருதம்மாள் எழுந்துவிட்டாள். "கேட்டீங்களா ஐயா? தெனம் எங்கள முட்டி போட வச்சிட்டு, இவ உள்ளுக்குள்ள யாரையோ கறுவிக்கிட்டு இருந்திருக்கா! யாரடி? யார உன்னால மன்னிக்க முடியல? கங்காணியவா? இல்ல, போயிட்டானேன்னு என் தம்பியவா? சொல்லுடி!"

"மருதம்மா, கொஞ்சம் பொறு" என்றார் உபதேசியார். நவமணி பக்கம் திரும்பினார். அவர் குரலில் அதட்டல் இல்லை. "பிள்ளைக்கு இத நான் கத்துக்குடுத்துட்டுப் போயிரலாம்மா. அஞ்சு நிமிஷ வேல. ஆனா நாளைக்குக் காலைல நீ மறுபடி சும்மா இருந்தா, அது உன்னத்தான் நம்பும். என்னை இல்ல."

"தெரியுதுங்கய்யா."

"யாருன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம். தீத்துக்க முடியுமா?"

"என்னால முடியலய்யா. ஞாயித்துக்கிழமை நான் அப்பம் எடுக்கல."

உபதேசியார் எழுந்து சைக்கிளைப் பிடித்தார். பிறகு தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

*

திருவிருந்து எடுக்காதவள் என்றால் அந்தச் சின்னக் கூட்டத்தில் என்ன அர்த்தம் என்று நவமணிக்குத் தெரியும். சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அர்த்தம் கண்டுபிடிக்க ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வீட்டிலேயே மருதம்மாள் இருந்தாள்.

சனிக்கிழமை பழைய மணி மூன்றுக்கே வேலை விட்டார்கள். பெண்கள் பொதுக் குழாயடியில் இருந்தார்கள். சோப்பு கிடையாது, சாம்பல் போட்டுத் துணியைக் கல்லில் அடித்தார்கள். நவமணி கடைசியில் நின்றாள்.

"கேட்டியா ராக்காயி?" என்று மருதம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் தொடங்கினாள். எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டம்மா நாளைக்கு அப்பம் எடுக்க மாட்டாங்களாம். என்ன பாவமோ! போன வருஷம் ஒரு நாள் கங்காணி வீட்டுக்குப் போயிட்டு அழுதுக்கிட்டு வந்தா. என்னன்னு நான் அப்பவே கேக்காம வுட்டேன்..."

"சயாம் ஆளுங்களப் பத்தித் தகவல் கேக்க நாங்க எல்லாருந்தான் போனோம்" என்றாள் ராக்காயி. "நானும் அழுதுக்கிட்டுத்தான் வந்தேன். உங்க சாமி அதுக்கெல்லாம் கஞ்சிய நிறுத்துமா?"

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மருதம்மாளுக்கு அது போதவில்லை.

"நீ போனது வேற, அவ போனது வேற. புருஷன லாரி ஏத்தி அனுப்பிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டவளா இவ? போனான், நிம்மதின்னு இருந்தவ! கங்காணிகிட்ட என்ன பேசுனாளோ, எதக் குடுத்து எதக் கேட்டாளோ..."

நவமணியின் கையிலிருந்த வாளி கீழே இறங்கியது. தண்ணீர் சிந்தவில்லை, அவள் மெதுவாகத்தான் வைத்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாக்கியம் போதும். 'உங்க மகனுக்காகத்தான் போனாரு.' மூன்றே சொல். இரண்டு வருஷம் நாக்கின் அடியில் வைத்திருந்தது.

குழாயடிக்குப் பின்னால் பழனியாண்டி மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு நின்றிருந்தான். அவள் கண் அவன்மேல் பட்டது. பரஞ்சோதி கேட்ட வாக்கு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். வாளியை எடுத்தாள்.

மூட்டை தரையில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வீட்டுக்கு வாம்மா" என்றான் பழனியாண்டி.

"துணி இருக்குடா..."

"வான்னு சொல்றேன்ல!"

பத்தொன்பது வயதில் அவன் முதல்முறையாகத் தன் தாயை அதட்டினான். மருதம்மாள் ஈரத் துணியோடு எழுந்து பின்னால் போனாள். வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தினான். நவமணி குணவதியை ராக்காயியிடம் விட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலுக்கு உள்பக்கம் நின்றாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கு அப்போதும் தெரியாது.

"பட்டியல்ல மொதல்ல இருந்தது என் பேரும்மா."

"என்னடா ஒளர்ற?"

"நீ ஜித்ராவுல இருந்த. கங்காணி வந்து மாமாகிட்ட சொன்னாரு. நான் பின்னால வெறகு ஒடச்சிக்கிட்டு இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. மாமா அவரு பின்னாலயே போயி... என் பேர அடிச்சிட்டு அவரு பேர எழுத வச்சாரு. அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு மட்டும் அத்தைக்குத் தெரியாது." அவன் அழவில்லை. மூச்சு வாங்கியது. "நான் ஓடிப்போயி 'நானே போறேன்'னு சொல்லியிருக்கணும். சொல்லல. வெறக ஒடச்சிக்கிட்டே இருந்தேன். ரெண்டு வருஷமா நீ அத்தையப் பேசுறப்பெல்லாம் கேட்டுக்கிட்டே கஞ்சி குடிச்சேன்."

மருதம்மாளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முதலில் கைதான் போனது. மகனைக் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி கையை ஓங்கினாள்.

நவமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க மதினி. இவன் நல்லா இருக்கணும்னுதான் அவரு போனாரு. இவன அடிச்சா அவரு போனது வீணாப் போயிரும்."

"நான் கங்காணிகிட்ட இப்பவே போறேன். என்னை அனுப்பச் சொல்றேன்" என்றான் பழனியாண்டி.

"எங்க அனுப்புவாங்க? பாத போட்டு முடிச்சாச்சாம். பேசாம உக்காரு" என்றாள் நவமணி.

மருதம்மாள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு நவமணியை அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டு வருஷம்... நான் பேசாத பேச்சா... ஐயோ! இன்னிக்குக் குழாயடியில கூட... ஏண்டி சொல்லல? நானா இருந்தா மொத நாளே மூஞ்சில காறித் துப்பிச் சொல்லியிருப்பேனே!"

"அவரு சொல்லாதன்னாரு."

"அதுக்காக... மனசுல ஒண்ணும் வச்சிக்காம எங்களுக்கு ஊத்திப் போட்டுக்கிட்டு..."

"வச்சிக்கிட்டேன் மதினி." நவமணியின் குரல் இறங்கியது. "என்னை நல்லவன்னு நெனைக்காதீங்க. இவன் ரெண்டாவது தடவ கஞ்சி கேக்குறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவன் இங்க இருக்கான், அவரு எங்க இருக்காருன்னு. நீங்க ஜெபத்துல சத்தமாச் சொல்றப்ப... உங்க வாயப் பொத்தணும்னு இருக்கும். அந்த வரிய நான் சொல்லாதது கங்காணிக்காக இல்ல. உங்க ரெண்டு பேருக்காகத்தான். அதப் புள்ள கத்துக்கிட்டா."

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்போ?" என்றாள் மருதம்மாள். "இப்போ முடியுமா?"

"தெரியல. மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டு நாளைக்கு அங்க போய் நிக்க மாட்டேன்."

அன்று ராத்திரிக் கஞ்சியை மருதம்மாளே காய்ச்சினாள். உப்பு போட மறந்துவிட்டாள். எல்லோரும் அதையே குடித்தார்கள்.

*

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கி மூன்று வருஷமாகியும் புகை வாசனை போகவில்லை. பதினேழு பேர் கோணிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பலகைமேல் வெள்ளைத் துணி; மரவள்ளி மாவில் சுட்ட அப்பம்; திராட்சை ரசத்துக்குப் பதில் செம்பருத்திப் பூ ஊறவைத்த சிவப்புத் தண்ணீர். நவமணி குணவதியோடு கடைசிச் சாக்கில் இருந்தாள். மருதம்மாளும் பழனியாண்டியும் முன்னால் இருந்தார்கள்.

பாதிரியார், மனஸ்தாபம் உள்ளவர்கள் போய்த் தீர்த்துவிட்டு வாருங்கள் என்றார். எல்லாத் திருவிருந்திலும் சொல்வதுதான். யாரும் எழுந்திருப்பதில்லை, அவரும் எதிர்பார்த்து நிற்பதில்லை.

மருதம்மாள் எழுந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இந்த லயத்துல என் தம்பி பொண்டாட்டியப் பத்தி ரெண்டு வருஷமா நான் சொன்னது பூராப் பொய். நேத்துக் குழாயடியில சொன்னது அதவிடப் பெரிய பொய். அவளால என் தம்பி போகல. ஏன் போனான்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். குழாயடியில சத்தமாச் சொன்னேன். அதான் இதையும் சத்தமாச் சொல்றேன். அங்க இருந்தவங்கள்ல இங்க வராத ஆளுங்ககிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லுவேன்."

அவள் உட்காரவில்லை. சாக்குகளைத் தாண்டிக்கொண்டு பின்னால் வந்தாள். நவமணியின் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ வந்தா நானும் முன்னால போறேன்" என்று முணுமுணுத்தாள். "இல்லேன்னா ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம். அப்பம் எங்க ஓடிப்போகுது?"

முன்வரிசையிலிருந்து பழனியாண்டியும் எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளி, நவமணியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

பாதிரியார் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஆகாரத்துக்கான வரி முடிந்தது. குணவதி வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து, அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

நவமணிக்கு மனம் இளகிவிடவில்லை. பரஞ்சோதி இருக்கிறானா இல்லையா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. வயிற்றில் அந்த எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில் மருதம்மாள் முன்னால் போகாமல் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். எதிரே குழந்தையின் வாய் மூடியிருந்தது, திறக்கச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு.

சொன்னாள். பாதி வழியில் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய், ஆமென் வரை போய்விட்டார்கள். அவள் இன்னும் அந்த ஒரு வரியிலேயே இருந்தாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்கள். முடித்தாள்.

"இது அத்தை சொல்ற வரியாச்சேம்மா? நம்ம ஜெபத்துல இல்லையே" என்றாள் குணவதி.

"இருக்கு" என்றாள் நவமணி. "அம்மாதான் வுட்டுட்டேன். கூடச் சொல்லு."

ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மருதம்மாளும் சேர்ந்துகொண்டாள், இந்தத் தடவை சத்தமில்லாமல். பழனியாண்டியின் உதடும் அசைந்தது. மறுபடி ஒரு முறை. மூன்றாவது தடவை குழந்தை தனியாகச் சொன்னாள்.

நவமணி எழுந்தாள். மகளைத் தூக்கி மருதம்மாளிடம் கொடுத்தாள். "வாங்க மதினி. நீயும் வாடா" என்றாள். யார் வருகிறார்கள் என்று பார்க்கத் திரும்பாமல் பலகையை நோக்கி நடந்தாள்.